கோட்டின் தடிமன்

கணக்கெழுத வந்தவள் நான்.
வெப்சைட் செய்வியா என்று கேட்டார் மேனேஜர் பாவுட்டிக்கா.
எக்செல் தெரியும் என்றேன்.
ரெண்டும் கட்டம்தானே என்றார்.
அவ்வளவுதான் இன்டர்வியூ.

தண்ணீர்த் தொட்டி கழுவும் கம்பெனி.
ஷார்ஜாவின் மொட்டைமாடிகள் எங்கள் வயல்.
எடிட்டரில் படத்தை இந்தப் பக்கம் இழுத்தால்
எழுத்து அந்தப் பக்கம் ஓடும்.
ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி
நிறுத்திவைத்த போன் நம்பர்
சேவ் செய்ததும் சரிந்து
அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

கடைசியில் ஒரு டேபிள் போட்டேன்.
நின்றது.
வைத்தது வைத்த இடத்தில்.
ரோலாவுக்கு வந்த ஆறு மாதத்தில்
எனக்கு எதுவும் அப்படி நின்றதில்லை.

கோட்டின் தடிமன் எவ்வளவு என்று கேட்டது எடிட்டர்.
பூஜ்யம் என்று அடித்தேன்.
சுவர் உண்டு, தெரியாது.
பார்க்கிறவர்களுக்கு எல்லாரும்
ஒரே வெள்ளையில் மிதக்கிறார்கள்.

நான் தூங்கும் அறையில் இது தலைகீழ்.
பிளைவுட் தெரியும், சுவர் கிடையாது.
பக்கத்துக் கட்டத்து ஃபிலோமினாவின் இருமல்
என் தலையணையில் வந்து விழும்.
அதற்கடுத்தவள் மட்டக்களப்புக்குச் சொல்லும்
'ஓம், ஓம், அனுப்பிட்டன்'
இரண்டு பலகை தாண்டிக் கேட்கும்.
ஜன்னலுள்ள கட்டத்துக்கு இருநூறு திர்ஹம் அதிகம்.
ஜன்னலுக்கு வெளியே
ஏசியின் முதுகு.

'எங்கள் குழு' என்று ஒரு பக்கம்.
ஒரே வரிசை, ஆறு கட்டம்.
முதல் கட்டத்தில் அர்பாப்,
அடுத்தது பாவுட்டிக்கா,
நடுவில் டிரைவர், நான், பம்ப் தில்பகதூர்,
கடைசியில் மரியசூசை அண்ணன்.
கயிற்றோடு தொட்டிக்குள் இறங்குகிறவர்.
போட்டோ எடுக்கப் போனபோது
ஹெல்மெட்டைக் கழற்றவா, போட்டுக்கவா என்று
மூன்று தடவை கேட்டவர்.

அரபியிலும் வேண்டும் என்றார்கள்.
வலமிருந்து இடம் என்று ஒரு பட்டன்.
அழுத்தினேன்.
தூக்கத்தில் ஆள் புரள்வதுபோல்
டேபிள் மொத்தமாகப் புரண்டது.
பாவுட்டிக்கா இடப்பக்கம் பார்த்து அலறினார்:
'மரியசூசையா இப்போ கம்பெனி ஓனர்?'
நான் மாற்ற வழி தெரியாமல்
பட்டன்களைத் தேடிக்கொண்டிருந்தபோது
அர்பாப் வந்து எட்டிப் பார்த்தார்.
அவர் கண் வலப்பக்கத்திலிருந்து புறப்பட்டது.
தமாம், எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு
காவா குடிக்கப் போனார்.

மறுநாள் அல் நஹ்தாவில் ஒரு மாடியிலிருந்து
மரியசூசை அண்ணன் போன் செய்தார்.
'என்னைக் காணோமேம்மா இதுல.'
டேபிள் மடங்காது, அண்ணன் போனோ உள்ளங்கை அகலம்.
விரலால் தள்ளுங்கண்ணே,
நீங்க திரைக்கு வெளியே நிக்கிறீங்க.
'அரபில தொறந்தா?'
அதிலேயும் வெளியேதான். அந்தப் பக்கம்.
அவர் சிரித்தார்.
பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

ஜூலையில் ஊருக்குப் போன தில்பகதூருக்கு
விசா புதுப்பிக்கவில்லை.
அவனை எடுத்துடு என்று மெசேஜ் வந்தது.
கட்டத்தை அழித்தேன்.
மரியசூசை அண்ணன் நகர்ந்து வந்து
அதே இடத்தில் உட்கார்ந்தார்,
சூடு ஆறாத பஸ் சீட்டில் உட்காருவதுபோல.
பார்க்கச் சகிக்கவில்லை.
செய்ததைத் திரும்பப் பெற்றேன்.
ஆளை மட்டும் எடுத்துப் பார்த்தேன்:
காலிக் கட்டம் நூலாகச் சுருங்கிவிட்டது.
எடிட்டருக்கு வெறுமை பிடிக்காது.
நிற்கவேண்டுமென்றால்
உள்ளே ஏதாவது இருக்கவேண்டும்.

தேடிப் பிடித்தேன்.
உடையாத இடைவெளி என்று ஒன்று உண்டு.
ஒரு எழுத்துதான் அது, அச்சில் தெரியாது.
அதை வைத்து, அகலத்தையும் கொடுத்ததும்
கட்டம் மூச்சு இழுத்து விரிந்தது.
ஒரு ஆள் அகலம்.

பாவுட்டிக்கா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
'என்ன இது, பல்லு விழுந்தாப்ல?'
நெட் ஸ்லோ, படம் வந்துட்டிருக்கு என்றேன்.
அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு
கொஞ்ச நேரம் காத்திருந்தார்.